சோத்துக்காக எழுதின வயசு

போன வாரம் ஒரு டைப்பிங் வேலை வந்துச்சு. ஒரே ஒரு பக்கம். 'இளம் சமூகப் போராளி செல்வி வேம்பு அவர்களின் வாழ்க்கைக் குறிப்பு'ன்னு தலைப்பு. ஏதோ விருதுக்கு அனுப்பப் போறாங்களாம். கொண்டாந்து குடுத்தவர் அவ வேலை பாக்குற சங்கத்தோட டைரக்டர். வெள்ளைக் கதர்ச் சட்டை, பாக்கெட்ல ரெண்டு பேனா, கையெழுத்துன்னு கேட்டா ரெண்டுலயும் மை இருக்காது. 'ஏழ்மையென்னும் சேற்றில் மலர்ந்த செந்தாமரை'ன்னு ஆரம்பிச்சிருந்தார். 'சிறார் நீதிக்காக அவர் நடத்திய அறப்போரில் எமது சங்கம் தோளோடு தோள் நின்றது'ன்னு முடிச்சிருந்தார். அடிச்சுக் குடுத்தேன். என் வேலை அடிக்கிறதுதான், திருத்துறது இல்லை.

என் பேரு அமிர்தவல்லி. அரியலூர் கோர்ட்டுக்கு எதிர்ல தகரக் கொட்டாய் போட்டு இருபத்தோரு வருஷமா டைப் அடிக்கிறேன். திருச்சி மாவட்டம்னு அடிச்சேன், அப்புறம் பெரம்பலூர் மாவட்டம்னு அடிக்கச் சொன்னாங்க, ரெண்டாயிரத்தொண்ணுல அரியலூர் மாவட்டம்னு அடிக்கச் சொன்னாங்க, மறு வருஷமே அதெல்லாம் இல்லை பெரம்பலூரே போதும்னாங்க. இப்ப மறுபடி பிரிக்கப் போறாங்களாம். ஆளுக வயிறு அப்படியே இருக்கு, மாவட்டத்துப் பேரு மட்டும் மாறிக்கிட்டே இருக்கு. இந்தக் கொட்டாயில உக்காந்து நான் பார்க்காத யோக்கியன் இல்லை. அதனால அந்த ஒரு பக்கத்துல இல்லாததை நான் சொல்லிடுறேன்.

வேம்புவுக்கு ஊரு உடையார்பாளையம் பக்கம். அப்பன் ஆத்தா ரெண்டு பேருக்கும் கூலி வேலை, காணி நிலம் கிடையாது. தொண்ணூத்தஞ்சுல, பன்னெண்டு வயசுல, முந்திரிக்கொட்டை உடைக்கப் போயிட்டா. அந்தக் கொட்டையில இருக்குற எண்ணெய் பட்டா விரல் வெந்து தோல் உரியும், அப்புறம் கறுத்துப் போயிடும். ரெண்டு வருஷம் கழிச்சு சங்கத்து ஆளுக வந்து மீட்டாங்க. மீட்டதை நான் குத்தம் சொல்லலை, பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்ச் சேர்த்தாங்க. ஆனா வருஷா வருஷம் நவம்பர் பதினாலு வந்தா அவளை மேடையில ஏத்தி, 'கையைக் காட்டும்மா'ன்னு வந்தவங்க முன்னாடி நிறுத்துனாங்க. அவ பத்தாவது படிக்கிறப்ப விரல் தெளிஞ்சு போச்சு. 'அடடா, கறையெல்லாம் மங்கிருச்சே'ன்னு டைரக்டர் வருத்தப்பட்டாராம். இதை வேம்புவே என்கிட்ட சிரிச்சுக்கிட்டுச் சொன்னா. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

பிளஸ் டூ முடிச்சதும் அதே சங்கத்துல கள வேலைக்கு வெச்சுக்கிட்டாங்க. சுண்ணாம்புக்கல் குவாரியில எத்தனை பிள்ளைங்க வேலை செய்யுதுன்னு எண்ணி ஃபாரம் நிரப்பணும். நிரப்பின ஃபாரமெல்லாம் பீரோவுக்குப் போகும். அந்தப் பீரோவுலதான் சிறுவர் சட்டத்தைத் தமிழ்ல அச்சடிச்ச புஸ்தகம் கட்டுக் கட்டா கிடந்துச்சாம். ஜனங்களுக்குக் குடுக்க அடிச்சது, ஒருத்தருக்கும் குடுக்கலை. எலி தின்னது போக மிச்சத்தை இவ படிச்சா. சும்மா படிக்கலை, மனப்பாடம் பண்ணிட்டா. அதுக்கப்புறம் அவளைக் கட்டி மேய்க்கிறது சங்கத்துக்கே தலைவலியாப் போச்சு.

ரெண்டாயிரத்து மூணுல முதல் தடவையா என் கொட்டாய்க்கு வந்தா. ஒல்லியா, எண்ணெய் வழிய ஒத்தைச் சடை, தோள்ல துணிப்பை. ஒரு மனு. நான் பாட்டுக்கு 'இளங்குற்றவாளி'ன்னு அடிச்சுட்டேன். அப்படிப் போடக்கூடாதுன்னு சட்டத்துல இருக்கு, வேற அடிங்கன்னுட்டா. ரெண்டு கார்பன், மூணு தாள், எல்லாம் வீண். எனக்கு வயித்தெரிச்சல். திருடினவனை என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டா என்ன, போலீசு அடிக்கிற அடி ஒண்ணுதானேன்னு கேட்டேன். 'அடிக்கக்கூடாதுன்னும் சட்டத்துல இருக்குக்கா'ன்னா. பைத்தியம்னு நினைச்சேன். அப்படித்தான் எங்க பழக்கம் ஆரம்பிச்சுச்சு.

ரெண்டாயிரத்தஞ்சு ஜூன் மாசம், இருபதாந்தேதி, பழனிவேலைப் பிடிச்சாங்க. ரெட்டிபாளையத்துக்கு அந்தாண்ட ஒரு காலனி. அப்பன் பூமாலை குடிச்சே செத்தவன். ஆத்தா பச்சையம்மாள் குவாரியில கல்லு உடைச்சு உடைச்சு நெஞ்சு பூரா தூசி, எந்திரிச்சு நடந்தா இருமல். ஒரே அக்கா ராசாத்தி அந்தச் சித்திரையிலதான் கல்யாணமாகி வெளியூரு போயிருந்தா. பையன் எட்டாவதோட நின்னவன். களவாண்டானான்னு கேட்டா, களவாண்டான். பெரிய ஆளுக ரெண்டு பேரு செம்புக் கம்பி அறுக்க, இவன் சைக்கிள்ல வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போனான். அந்த ரெண்டு பேரும் ஓடிட்டாங்க. சைக்கிளை விட மனசில்லாம இவன் நின்னான், மாட்டிக்கிட்டான்.

மாட்டினப்ப சட்டைப் பையில அவனோட டி.சி. இருந்துச்சு. அதான், பள்ளிக்கூடத்துல குடுக்குற மாற்றுச் சான்றிதழ். ஏன் அதைப் பையில வெச்சுக்கிட்டு அலைஞ்சான்னா, சிமெண்ட் மூட்டை லோடு ஏத்துற வேலைக்குக் காண்டிராக்டர் பதினெட்டு முடிஞ்ச ஆளைத்தான் எடுப்பாராம். டி.சி.யில பிறந்த தேதி ஒண்ணு ஆறு எண்பத்தேழு. ஜூன் ஒண்ணு எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருந்தவன், வந்ததும் ஓடியிருக்கான். அடுத்த மாசம் வான்னு அனுப்பிட்டாங்க. போலீசுக்கு அதுக்கு மேல என்ன வேணும்? பதினெட்டு வருஷம் பத்தொன்பது நாள்னு எழுதி, திருச்சி ஜெயில்ல கொண்டுபோய்ப் பெரிய ஆளுகளோட போட்டாங்க.

பச்சையம்மாளை வேம்புவுக்குக் குவாரிக் கணக்கெடுப்புல பார்த்துப் பழக்கம். அவ வந்து அழுதா. அவனுக்கு இன்னும் பதினேழே ஆகலையேன்னு அடிச்சுச் சொன்னா. எப்படித் தெரியும்னா, 'எம்ஜிஆர் செத்தன்னைக்கு ஊரே டி.வி. பொட்டி முன்னாடி அழுதுக்கிட்டு இருந்துச்சு, நான் மசக்கையில வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தேன், மறு ஆடி பதினெட்டுக்கு அடுத்த நாள் பொறந்தான்'ங்கறா. கணக்குப் போட்டா எண்பத்தெட்டு ஆடி. பிடிச்ச அன்னைக்கு அவனுக்குப் பதினாறே முக்கா. பிறந்தது வூட்டுல, அதனால எந்த ஆபீஸ்லயும் பதியலை.

பதினெட்டு ஆகலேன்னா அவனை ஜெயில்ல போட்டதே தப்பு. சிறுவர் கோர்ட்டுக்குத்தான் போகணும், ஆத்தா கையெழுத்துலயே வூட்டுக்கு வந்துடலாம். பதினெட்டு ஆச்சுன்னா கேஸ், தண்டனை, ஆயுசுக்கும் திருட்டுப் பட்டம். நடுவுல நின்னது பதினாலு மாசம். வயித்துல இருந்த பத்து மாசத்தையும் சேர்த்து, மேல நாலு மாசம் கொசுறும் போட்டு எவனோ எழுதியிருக்கான்னு நான் சொன்னேன்.

ஜாமீன் மூணாவது வாரமே கிடைச்சுச்சு. ஆனா சொத்து உள்ள ஆளு ரெண்டு பேரு வந்து கையெழுத்துப் போடணும். அந்தக் காலனியில எவன்கிட்ட பட்டா இருக்கு? வேம்பு நேரா டைரக்டர்கிட்ட போனா. அவருக்குப் பெரம்பலூர்ல வூடு, ஊர்ல நஞ்சை புஞ்சை, எல்லாம் உண்டு. கையெழுத்துதானே சார்னு கேட்டா. திருட்டுக் கேஸுக்கு ஜாமீன் நின்னா சங்கத்துப் பேரு என்னம்மா ஆகும், நன்கொடை குடுக்குறவங்க என்ன நினைப்பாங்கன்னுட்டார் அந்த மனுஷன். அந்த மாசம்தான் 'குழந்தைகள் நம் கண்கள்'னு பேனர் அடிக்க என்கிட்ட வாசகம் டைப் பண்ண வந்தவர். இதான் அந்தத் தோளோடு தோள்.

இலவச வக்கீலா அரவிந்தன்னு ஒரு பையனைப் போட்டாங்க. கெட்டவன் இல்லை, பயந்தவன். மாஜிஸ்திரேட் அம்மா நிமிர்ந்து பார்த்தாலே தாளைப் புரட்ட ஆரம்பிச்சுடுவான். டி.சி.யில இருக்குறதை மீறி என்ன சொல்றது, எலும்பு டெஸ்ட் எடுக்கலாம்னு சொன்னான். எடுத்தாங்க. பதினேழுலேர்ந்து பத்தொன்பதுக்குள்ளன்னு எழுதிக் குடுத்தார் டாக்டர். இதைச் சொல்ல எக்ஸ்ரே எதுக்கு, என் கொட்டாயில கொண்டாந்து நிறுத்தினா நானே சொல்லியிருப்பேன்.

ஆவணி போயி புரட்டாசி வந்துச்சு. அரவிந்தன் ஒரு யோசனை சொன்னான். குத்தத்தை ஒத்துக்கிட்டா, உள்ள இருந்த நாளைக் கழிச்சு இப்பவே விட்டுடுவாங்க. கோர்ட்டு வாசல்ல இது தினமும் நடக்குறதுதான். எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. வேம்புகிட்ட வாயை விட்டே சொன்னேன். ஏண்டி, உனக்கு சட்டப் புஸ்தகம் ஜெயிக்கணும், அதுக்கு அந்தப் பய ஜெயில்ல கிடக்கணுமா, உன் வீம்புக்கு அவன் களியா திங்கணும்னு கேட்டுட்டேன். அவ மூஞ்சி சுண்டிப் போச்சு. 'ஒத்துக்கிட்டா நாளைக்கு எங்கயும் வேலைக்கு எடுக்க மாட்டாங்கக்கா. எங்க எது காணாம போனாலும் முதல்ல அவனைத்தான் தூக்குவாங்க'ன்னா. அது நெசம். ஆனாலும் ராவும் பகலும் அவளுக்கு அந்தக் கேள்வி குத்திக்கிட்டுத்தான் இருந்துச்சுன்னு பின்னாடி சொன்னா.

அந்தத் தேதியை எழுதினது யாருன்னு தேடிப் போனா. காலனிப் பள்ளிக்கூடத்துல அப்ப ஹெட்மாஸ்டரா இருந்தவர் ராசாங்கம். ரிடையர் ஆகி பெரம்பலூர்ல மகன் வூட்டுல இருக்கார். நானும் கூடப் போனேன். வாய் சும்மா இருக்காதே, அதுக்காகத்தான். பஸ்ஸுல போறப்பவே எனக்கு ஆத்திரம். ஜூன் ஒண்ணு யாருக்குப் போடலை? எனக்கு ஜூன் ஒண்ணு. வேம்புவுக்கு ஜூன் ஒண்ணு. கோர்ட்டு பெஞ்ச் கிளார்க்குக்கு ஜூன் ஒண்ணு. மே முப்பத்தொண்ணு வந்தா போதும், ஆபீஸ் ஆபீஸா சந்தன மாலையும் சால்வையுமா பாதி கவர்மெண்ட்டே ரிடையர் ஆகும். வலது கையைத் தலைக்கு மேல கொண்டுவந்து இடது காதைத் தொட்டா அஞ்சு வயசுன்னு எழுதுன வாத்திமாருங்கதானே எல்லாம். இந்த மனுஷன் காதைத் தொடக்கூட விடலை போல.

வேம்பு வாசல்ல நின்னபடியே கேட்டா. உட்காரும்மான்னு அவர் சொல்லியும் உட்காரலை. ஒரு பிள்ளைக்கு வயசு எழுதுறது உங்களுக்கு விளையாட்டா சார், உங்க பேனா ஒரு கோடு இழுத்துச்சு, அவன் இன்னைக்குக் கொலைகாரனோட படுத்திருக்கான், இப்படியெல்லாம் கேட்டா. நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கலை. வாத்தியார் தலையைக் குனிஞ்சபடியே சொன்னார்:

"சோத்துக்காக எழுதினேன்மா. அந்தக் காலனிக்கு அப்ப பால்வாடி கிடையாது. அஞ்சு வயசு ஆகலேன்னா பேரைச் சேர்க்க முடியாது, பேரு இல்லேன்னா சத்துணவு இல்லை. ஆத்தாகாரி கல்லுடைக்கப் போயிடுவா. அந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு வர்றப்ப தம்பியையும் இடுப்புல தூக்கிட்டு வரும். அது தட்டுல பாதியை அவனுக்கு ஊட்டும். ரெண்டு நாள் பார்த்தேன், மூணாவது நாள் ரெண்டு பேருக்கும் ஒரே தேதியைப் போட்டு சேர்த்துட்டேன்."

அப்ப இதை அப்படியே கோர்ட்டுல வந்து சொல்லுங்க சார்னு வேம்பு கேட்டா. அவ்வளவுதான், மனுஷன் வெளிறிட்டார். கவர்மெண்ட் ரிஜிஸ்டர்ல பொய் எழுதினேன்னு நான் கூண்டுல ஏறிச் சொன்னா பென்ஷன் என்னாகும்னார். மருமக உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துட்டு, அவருக்கு பிரஷர் இருக்குன்னு கதவைச் சாத்துனா. திரும்பி வர்ற பஸ்ஸுல நான் அந்த ஆளைத் திட்டாத திட்டு இல்லை. அன்னைக்கு சோறு போட்டவன் இன்னைக்கு அந்தச் சோத்தை எடுத்துக்கிட்டுப் போயி ஜெயில்ல போட்டுட்டான்னு சொன்னேன். வேம்பு காதுல எதுவும் ஏறலை. அவ விரலை மடக்கி என்னமோ எண்ணிக்கிட்டு வந்தா. செந்துறை ரோடு வந்ததும் 'அக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே தேதி'ன்னா.

எனக்கு அப்பவும் விளங்கலை. அவ விளக்கினா. பழனிவேல் பிறந்ததுக்குத்தான் பதிவு இல்லை. ராசாத்தி தலைச்சன் பிள்ளை, பிரசவம் கஷ்டமாகி அரியலூர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பிறந்தவ. அங்க பிறந்தா பதிவு இருக்கும். அக்கா எப்ப பிறந்தான்னு காகிதத்துல வந்துட்டா, தம்பி அதுக்கு எத்தனை மாசம் கழிச்சுத்தான் பிறந்திருக்க முடியும்னு தன்னால வந்துடும்.

பதிவு எடுக்குற ஆபீஸ் எதுன்னு நான் சொல்ல மாட்டேன், நாளைக்கும் நான் அங்க போயாகணும். முதல் நாள் போனா, ஆளு லீவு. ரெண்டாவது தடவை, பிள்ளையோட பேரைச் சொல்லுன்னாங்க. பிறந்தன்னைக்கே எவளுக்குப் பேரு வெச்சாங்க, பெண் குழந்தைன்னுதான் இருக்கும். மூணாவது தடவை, பழைய பதிவுக் கட்டையெல்லாம் கரையான் அரிச்சுருச்சுன்னாங்க. அரிச்சதைப் பார்க்கிறேன்னு இவ தரையில உட்கார்ந்துட்டா. எண்பத்தாறு கார்த்திகைன்னு பச்சையம்மாள் சொல்லியிருந்தா, அடைமழைன்னு அடையாளம் சொல்லியிருந்தா. நவம்பர், டிசம்பர் ரெண்டு மாசத்துல மட்டும் ஏழு பச்சையம்மாள் பிள்ளை பெத்திருக்காளுங்க. புருஷன் பேரு பூமாலைன்னு இருந்தது ஒருத்திக்குத்தான். நவம்பர் இருபத்திநாலு, எண்பத்தாறு. பெண். ஒரே குழந்தை. காகிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு என் கொட்டாய்க்கு ஓடி வந்தா, மூச்சு வாங்க அதை மிஷின் மேல விரிச்சு வெச்சா. அன்னைக்குத்தான் நான் முதல் தடவையா அவளைப் பைத்தியம்னு நினைக்கலை.

மனுவை நானே அடிச்சேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாம அடிச்சேன். வாய்தா மேல வாய்தா போச்சு. டிசம்பர் கடைசியில விசாரணைக்கு வந்துச்சு. கொட்டாயைச் சாத்திட்டு நானும் போய் பின்னாடி உட்கார்ந்தேன்.

இப்போதைய ஹெட்மாஸ்டர் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்திருந்தார். தொண்ணூத்திரண்டு ஜூன்ல ஒண்ணாங் கிளாஸ்ல சேர்ந்தது முப்பத்திநாலு பிள்ளைங்க. அதுல இருபத்தொன்பது பேரு எண்பத்தேழு ஜூன் ஒண்ணுல பிறந்ததுங்க. மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தாங்க. பெஞ்ச் கிளார்க் மேஜையில குனிஞ்சு எதையோ தேடினார். கவர்மெண்ட் வக்கீல் அசரலை. அரசாங்கப் பதிவேடு பொய் சொல்லாது, எம்ஜிஆர் செத்ததை வெச்செல்லாம் வயசைச் சொன்னா கோர்ட்டு எதுக்குன்னார். அக்கா தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே தேதின்னா, ரெட்டைப்பிள்ளைன்னு அர்த்தம்னு முடிச்சார்.

பச்சையம்மாளைக் கூண்டுல ஏத்துனாங்க. அரவிந்தன் எந்திரிச்சான், தாளைப் புரட்டிக்கிட்டே நின்னான். வேம்பு பின்னாடியிருந்து அவன் கோட்டை ஒரு இழுப்பு இழுத்தா. உங்களுக்கு ரெட்டைப்பிள்ளையா பிறந்துச்சான்னு ஒரு வழியாக் கேட்டான்.

"இல்லைங்க. பொண்ணு பொறந்து, அது தத்தித் தத்தி நடக்குறப்பதான் இவன் வயித்துல தங்கினான். ரெட்டையா பெத்திருந்தா பெத்தவ எனக்குத் தெரியாதுங்களா."

ஆஸ்பத்திரிப் பதிவை மாஜிஸ்திரேட் அம்மா கையில குடுத்தாங்க. ஒரே குழந்தைன்னு எழுதியிருந்த இடத்துல வேம்பு பென்சில்ல ஒரு கோடு போட்டு வெச்சிருந்தா. மாஜிஸ்திரேட் அம்மா விரல் விட்டு எண்ணுனாங்க. நவம்பர் இருபத்திநாலு. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. ஜூன் ஒண்ணு வரைக்கும் ஆறு மாசம் எட்டு நாள். பிடிச்ச அன்னைக்குப் பதினெட்டு ஆகியிருக்கணும்னா அவன் எண்பத்தேழு ஜூன் இருபதுக்குள்ள பிறந்திருக்கணும், அதுக்கும் ஏழு மாசம் ஆகலை. எண்ணி முடிச்சுட்டு கவர்மெண்ட் வக்கீலைப் பார்த்தாங்க. ஒரு பிள்ளை பெத்த உடம்பு ஆறு மாசத்துல அடுத்ததைப் பெறுமா, வக்கீல் சார் வூட்டுல கேட்டுட்டு வந்து சொல்றாரான்னு கேட்டாங்க. அந்தாளு உட்கார்ந்துட்டார். எத்தனை பேரை எந்திரிச்சு நின்னு மிரட்டின ஆளு. எனக்கு அன்னைக்கு ராத்திரி சாப்பாடே வேண்டியிருக்கலை.

சம்பவத்தன்னைக்கு அவனுக்குப் பதினெட்டு முடியலைன்னு ஆர்டர் போட்டாங்க. அதுக்கப்புறமும் காகிதம் திருச்சி போயி, சிறுவர் கோர்ட்டுல ஏறி, இறங்கி, பொங்கல் கழிஞ்ச மறுவாரம்தான் அவனை ஆத்தா கையில ஒப்படைச்சாங்க. ஏழு மாசம் ஆச்சு.

வந்த அன்னைக்கு மூணு பேரும் நேரா என் கொட்டாய்க்குத்தான் வந்தாங்க. பையன் வளர்ந்திருந்தான். மீசை அரும்பியிருந்துச்சு. கண்ணை மட்டும் யார் முகத்துலயும் வெக்கலை. வேம்பு ஆர்டர் காப்பியை பிளாஸ்டிக் உறையில போட்டு அவன் கையில குடுத்தா. இதைத் தொலைச்சுடாதே, இது இருந்தா உன்னை எவனும் திருடன்னு சொல்ல முடியாதுன்னு சொன்னா. அவ முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். மேடையில நின்ன காலத்துலயும் அதை யாரும் போட்டோ எடுத்திருக்க மாட்டாங்க.

அவன் அதை எழுத்துக் கூட்டிக் கடைசி வரைக்கும் படிச்சான். அப்புறம் டி.சி. எங்கக்கான்னு கேட்டான். கோர்ட்டுல மனுப் போட்டு அதையும் திருப்பி வாங்கி வெச்சிருந்தா. பையிலேர்ந்து எடுத்தா.

"அதைக் குடுங்கக்கா. இதை நீங்களே வெச்சுக்குங்க. இதுல நான் சின்னப் பையன்னு போட்டிருக்கு. லோடு வேலைக்கு கேட்லயே விடமாட்டான்."

வேம்புவுக்கு முதல்ல புரியவே இல்லை. புரிஞ்சதும் படபடன்னு பேசினா. அந்தத் தேதி பொய்னு நிரூபிக்கத்தானேடா இத்தனை பாடும், சிமெண்ட் மூட்டை தூக்குற வயசா உனக்கு, உன்னைச் சேர்க்குற காண்டிராக்டர் மேல நானே புகார் குடுப்பேன்னா. ஆடி வரைக்கும் பொறுத்துக்க, இன்னும் ஏழே மாசம்தான்னு கடைசியா கெஞ்சினா.

அவன் கோவப்படலை. சத்தம்கூட உசத்தலை.

"உள்ள இருந்ததும் ஏழு மாசம்தான்க்கா. அங்க மூணு வேளையும் சோறு போட்டாங்க. வெளிய இந்த ஏழு மாசத்துக்கு யாரு போடுவா?"

பச்சையம்மாள் கொட்டாய்த் தூணைப் பிடிச்சுக்கிட்டு இருமிக்கிட்டு இருந்தா. வேம்பு டி.சி.யைப் பார்த்துக்கிட்டே நின்னா. ஒண்ணு ஆறு எண்பத்தேழு. கிழிச்சுடுவாளோன்னு நினைச்சேன். கையை நீட்டி அவன்கிட்ட குடுத்துட்டா. அவன் நாலா மடிச்சு அதே சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, ஆத்தாளைக் கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுக்குப் போனான்.

அப்புறம் அவ என் பெஞ்சில உட்கார்ந்து அழுதா. ராசாங்கம் சாரை அவர் வாசல்ல நின்னு என்னவெல்லாம் கேட்டேன்க்கா, இப்ப அதே தேதியை நானே என் கையால குடுத்துட்டேனேன்னு அழுதா. கோர்ட்டுக்கு வராத கோழைன்னு அந்த வாத்தியாரை நான் இன்னமும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். எழுதினதுக்காகத் திட்டுறதை அன்னைக்கோட விட்டுட்டேன்.

பழனிவேல் லோடுல சேர்ந்துட்டான். இப்ப அவனுக்கு நெசமாவே பத்தொன்பது ஆகுது. எப்பயாச்சும் கோர்ட்டுப் பக்கம் வந்தா நின்னுட்டுப் போவான். சூடு ஆறாத மூட்டையைத் தூக்கித் தூக்கி சட்டைக் காலருக்குக் கீழ தோல் வெந்து உரிஞ்சு கிடக்கு. வேம்பு அதைப் பார்த்தா அன்னைக்கு முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடாது. அந்தக் காலனிக்குப் பால்வாடி வேணும்னு அதுக்கப்புறம் பதினோரு மனு குடுத்திருக்கா. பதினொண்ணும் நான்தான் அடிச்சேன். போன ஆனியில திறந்தாங்க. திறப்பு விழாவுல டைரக்டர் பேசினாராம், வேம்புவைக் கூப்பிடலையாம்.

அந்த டைரக்டர்தான், டைப் பண்ணின ஒரு பக்கத்தை வாங்கிக்கிட்டு, விருதுக்குக் கூட வெச்சு அனுப்ப அந்த கோர்ட்டு ஆர்டர் காப்பி உன்கிட்ட இருக்காமே அமிர்தவல்லின்னு கேட்டார். இருந்துச்சு. மிஷினுக்குக் கீழ டிராயர்ல, அதே பிளாஸ்டிக் உறையில, அன்னைக்கு அந்தப் பையன் வேண்டாம்னு வெச்சுட்டுப் போன மாதிரியே இருந்துச்சு. எலி தின்னுருச்சுங்க சார்னு சொல்லி அனுப்பிட்டேன்.